வேனில் பெரிய சவுண்ட் செட் போடப் போகிறீர்களா? எனக்கு விற்கப்பட்ட ‘200 ஆம்பியர்’ டைனமோவின் கதை

குற்றால சீசன் வரப் போகிறது. சுற்றுலா வேன் ஓட்டுகிற நம் பக்கத்து ஆட்கள் பலர் இந்த நேரத்தில்தான் சவுண்ட் செட்டை மாற்றுவார்கள். பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். பணம் போவது ஒரு பக்கம், வண்டி தீப்பிடிக்கிற அளவுக்கு மோசமான வேலை இது.

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம். சொந்த வேன், நானே ஓட்டுகிறேன். கல்யாணம், கோயில் கொடை, திருச்செந்தூர் டிரிப் எதுவானாலும் ஏறியதும் முதலில் கேட்பது பாட்டைத்தான். அதனால் திருநெல்வேலியில் ஒரு பெரிய கார் ஆக்சஸரீஸ் கடையில் செட் போட்டேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

பேஸ் அடிக்கிற 12 அங்குல வூஃபர் ஸ்பீக்கர் இரண்டு, அட்டைப்பெட்டியில் 3000 வாட்ஸ் என்று அச்சடித்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), கடைசி சீட்டுக்கு அடியில் இன்னொரு பேட்டரி, ஜீரோ கேஜ் என்கிற தடித்த காப்பர் ஒயர், எஞ்சின் ஓடும்போது வண்டிக்கு மின்சாரம் தருகிற டைனமோ 200 ஆம்பியரில் புதிதாக ஒன்று. மொத்தம் 1,42,000 ரூபாய். அதில் டைனமோவுக்கு மட்டும் 36,000. பழைய டைனமோவை எக்ஸ்சேஞ்ச் என்று எடுத்துக்கொண்டார்கள். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, கடைப் பெயர் மட்டும் அச்சடித்த எஸ்டிமேட் தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

“ரெண்டு பேட்டரி இருக்குலா அண்ணாச்சி, விடிய விடியப் பாட்டுப் போடுங்க, ஒண்ணும் ஆகாது” என்றார் கடைக்காரர்.

முதல் ராத்திரி டிரிப்பிலேயே தெரிந்துவிட்டது. ஏசியும் ஹெட்லைட்டும் ஓடும்போது பேஸ் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் லைட் மங்கி மங்கி எரிந்தது. குற்றாலத்திலிருந்து திரும்பும் வழியில் கடையம் தாண்டியதும் டேஷ்போர்டில் பேட்டரி லைட் வந்தது. ஆழ்வார்குறிச்சியில் டீ குடிக்க நிறுத்திய பிறகு செல்ஃப் எடுக்கவில்லை. பின் சீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த அம்மா, ரப்பர் கருகுகிற வாடை வருகிறது என்றார்கள். வண்டியில் வந்தவர்களே இறங்கித் தள்ளிவிட்டார்கள்.

கடைக்குக் கொண்டுபோனால், மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துச் சட்டென்று விடுகிற கெபாசிட்டர் ஒன்று போட்டால் சரியாகிவிடும் என்று இன்னொரு 6,500 வாங்கினார்கள். லைட் முன்போலவே மங்கியது. அது மங்கத்தான் செய்யும் என்பதைப் பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஃபாரட் கெபாசிட்டர் 14.4 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது தருவது ஏறத்தாழ 32 ஜூல். 1000 வாட் இழுக்கிற ஆம்புக்கு அது ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம்தான் காணும்.

அப்புறம் எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியிடம் வண்டியை விட்டேன். அவர் முதலில் டைனமோவைத்தான் கழற்றினார். ‘200 ஆம்பியர்’ ஸ்டிக்கரைத் துடைத்துப் பார்த்தார், பின்மூடியைத் திருப்பினார், கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

“இது ஒன் பழைய டைனமோதாம்டே. பேரிங் மாத்தும்போது நான் குத்துன புள்ளி இது” என்றார்.

மூடியைத் திரும்ப அதே இடத்தில் பொருத்துவதற்காக இரண்டு பக்கமும் புள்ளி குத்தி வைப்பது அவர் வழக்கம். வெள்ளிப் பெயிண்டுக்கு அடியில் அந்தப் புள்ளிகள் அப்படியே இருந்தன. என் சொந்த 90 ஆம்பியர் டைனமோவுக்குப் பெயிண்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, எனக்கே 36,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். திரும்ப மாட்டி, எல்லாவற்றையும் போட்டு, டிசி அளக்கிற கிளாம்ப் மீட்டரை வைத்தார். எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் 90-ஐத் தொடவில்லை.

இந்தக் கணக்கை எந்தக் கடையும் நமக்குச் சொல்வதில்லை. 3000 வாட் நிஜமாகவே வெளியே வர வேண்டும் என்றால், 80 சதவீதத் திறன் உள்ள ஆம்ப் 3750 வாட் இழுக்க வேண்டும். 13.8 வோல்ட்டில் அது 270 ஆம்பியருக்கு மேல். என் ஆம்பில் இருப்பதோ 40 ஆம்பியர் ஃப்யூஸ் இரண்டு. அந்த 80 ஆம்பியரை 13.8-ஆல் பெருக்கினால் உள்ளே போவதே 1100 வாட், வெளியே வருவது 900 வாட்டுக்குள்தான். அட்டைப்பெட்டி எண்ணை விட்டுவிட்டு ஃப்யூஸைப் பாருங்கள், ஆர்எம்எஸ் வாட்ஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள்.

அந்த 900 வாட்டுக்கே ஆம்ப் 80 ஆம்பியர் இழுத்தால், ஏசிக்கும் ஹெட்லைட்டுக்கும் சேர்த்து என் 90 ஆம்பியர் டைனமோ போதாது. பாட்டு ஒரே சீராக இழுக்காது, பேஸ் அடிக்கும்போதுதான் உச்சம், அது உண்மை. அந்த உச்சத்துக்குக் கூடுதல் பேட்டரி உதவும். ஆனால் பேட்டரி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. மேல்தொட்டி இரண்டு கட்டினாலும் மோட்டார் ஏற்றுகிற தண்ணீர்தானே இருக்கும்? இறங்கிய பேட்டரியை ஏற்றுகிற சுமையும் டைனமோ மேல்தான் விழும். அதிலும் ஆக்சிலேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது டைனமோ தன் முழு அளவில் பாதி தருவதே கஷ்டம். சீசன் நேரத்தில் மெயினருவி ரோட்டில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போவதை நினைத்துப் பாருங்கள். நமக்குத் தேவையே அந்த நேரத்தில்தான்.

அடுத்தது ஒயர். சிவப்பு உறை பெருவிரல் தடிமன், உள்ளே இருந்த கம்பி அதில் பாதிகூட இல்லை. பிளேடால் சுரண்டியதும் வெள்ளையாகத் தெரிந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துவது செம்பில் அறுபது சதவீதம் அளவுதான். பாட்டு ஓடும்போது முன் பேட்டரி பாசிட்டிவுக்கும் ஆம்ப் பாசிட்டிவுக்கும் இடையில் மீட்டர் வைத்தால் 1.3 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டவே கூடாது. 80 ஆம்பியர் ஓடும்போது அந்த 1.3 வோல்ட் என்பது 100 வாட் சூடு. அந்த அம்மா சொன்ன வாடை அதுதான். தகரத்தில் ஒயர் நுழைகிற ஓட்டையில் ரப்பர் புஷ்கூடப் போடவில்லை, உறை உரசி உரசிக் கிழிந்திருந்தது. நெகட்டிவ் ஒயரை வண்டித் தகரத்தோடு சேர்க்கிற பாடி எர்த்தையும் பெயிண்டைச் சுரண்டாமல் சீட் போல்ட்டிலேயே முறுக்கிவிட்டிருந்தார்கள்.

பின் பேட்டரி திரவம் ஊற்றுகிற சாதாரணப் பேட்டரி. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதைப் பிள்ளைகள் உட்காருகிற சீட்டுக்கு அடியில், வாயு வெளியே போக ஒரு குழாய்கூட இல்லாமல் வைத்திருக்கிறார்கள். ஆள் உட்காருகிற இடத்தில் வைப்பதென்றால் சீல் செய்த ஏஜிஎம் பேட்டரிதான் வைக்க வேண்டும். எனக்கு வைத்ததோ பழைய பேட்டரி, தேதி அச்சைச் சுரண்டியிருந்தார்கள். முழுச் சார்ஜ் ஏற்றி வைத்தும் மறுநாள் காலையில் 12.1 வோல்ட். நல்ல பேட்டரி என்றால் 12.6-க்குக் குறையாது. எஞ்சின் நின்றதும் இரண்டு பேட்டரியையும் பிரித்துவிடுகிற ஐசோலேட்டர் நடுவில் இல்லாததால் அந்தச் செத்த பேட்டரி என் நல்ல பேட்டரியையும் ராத்திரியெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தது.

கடைக்காரரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். “ஏசியும் பாட்டும் ஒண்ணாப் போட்டா எந்த வண்டி தாங்கும் அண்ணாச்சி?” என்றார். டைனமோப் புள்ளியைக் காட்டியதும் பேச்சை நிறுத்திவிட்டார். பணம் இதுவரை வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். வேன் வாடகைக்கு ஓடுவதால் நாம் நுகர்வோர் ஆக மாட்டோம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே ஓட்டுகிறவர்களை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராகவே எடுத்துக்கொள்கிறது. நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. எஸ்டிமேட் தாள், பணம் அனுப்பிய ரசீது, கழற்றும்போது எடுத்த போட்டோ எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

இதே மாதிரி செட் வண்டியில் இருந்தால் இன்றைக்கே பானெட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். பின்னால் பேட்டரி இருந்தால் அந்தப் பக்கமும் ஒன்று வேண்டும். என் வண்டியில் ஆம்புக்குப் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. நடுவில் ஒயர் பாடியில் பட்டால் தடுக்க எதுவுமே கிடையாது. ஃப்யூஸ் இல்லையென்றால் இரண்டு பேட்டரியின் நெகட்டிவையும் முதலில் கழற்றுங்கள், பிறகு பின்னால் போகிற சிவப்பு ஒயரை இரண்டு முனையிலும் எடுத்து டேப் சுற்றுங்கள், கடைசியாக முன் பேட்டரியின் நெகட்டிவை மட்டும் மாட்டிக்கொண்டு தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் போங்கள். அதுவரை பாட்டு இல்லாமலே டிரிப் போகட்டும்.