ஷீட் பேன் பீஃப்: ஃபிளாங்க், சர்லாயின், கொத்துக்கறி, வார நாள் இரவுக்கு எது?

கோழித் தொடையையும் உருளைக்கிழங்கையும் ஒரே தட்டில் பரப்பி ஓவனுக்குள் தள்ளினால், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வெந்து வெளியே வரும். ஐந்து நிமிடம் கூடப் போனாலும் குடி முழுகிவிடாது. மாட்டிறைச்சி இந்தக் கணக்குக்குள் அடங்காது. மெல்லிய துண்டு ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். தோள்பட்டைக் கறிக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். கேரட்டும் உருளையும் இரண்டுக்கும் நடுவே, அரை மணியில் நிற்கின்றன. அதனால் ஷீட் பேன் பீஃப், அதாவது மாட்டிறைச்சியையும் காய்கறியையும் ஒரே ஓவன் தட்டில் வைத்துச் செய்வது, என்று நினைப்பவர்கள் எந்த மசாலா என்று தேடுவதற்கு முன்னால் எந்தக் கறி என்று முடிவு செய்ய வேண்டும்.

இங்கே டொராண்டோ பக்கம் எந்தக் கடைக்குப் போனாலும் கண்ணில் படுபவை நான்கு: ஃபிளாங்க் ஸ்டேக், டாப் சர்லாயின், கொத்துக்கறி என்று நாம் சொல்லும் கிரவுண்ட் பீஃப், அப்புறம் துண்டு போட்டே விற்கும் ஸ்டூயிங் பீஃப். கடைசியில் சொன்னதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். விலையும் குறைவு, நறுக்கும் வேலையும் இல்லை என்பதால் கை தானாக அதன் பக்கம் போகும். ஆனால் அது பெரும்பாலும் தோள்பட்டை, பின்தொடைப் பகுதிகளின் கறி. அதிலுள்ள கொலாஜன் என்ற கெட்டியான இணைப்புப் புரதம் இளகிக் கரைய ஈரமும் நீண்ட நேரமும் தேவை. 25 நிமிட ஓவன் சூட்டில் அது இறுகத்தான் செய்யும். குக்கரில் குழம்பு வைக்கப் பிறந்த கறி அது, அங்கேயே இருக்கட்டும்.

கறிக்குப் போகுமுன் தட்டைப் பற்றிக் கொஞ்சம். வீட்டு ஓவனுக்குச் சரியான அளவு ‘ஹாஃப் ஷீட்’ எனப்படும் 18க்கு 13 அங்குலத் தட்டு, ஓரம் ஓர் அங்குல உயரம். அதில் அரை கிலோ கறியும் அதே அளவு அல்லது சற்றுக் கூடுதலாகக் காய்கறியும் இடைவெளி விட்டு உட்காரும். அதற்கு மேல் குவித்தால் கறியும் காயும் விடும் தண்ணீர் ஆவியாகிப் போக இடமில்லாமல் தட்டிலேயே தேங்கும். தண்ணீர் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கறி சிவந்து மணம் வர 140க்கு மேல் வேண்டும். வறுபட வேண்டியது அவிந்துவிடுகிறது. நாலு பேருக்கு மேல் என்றால் இரண்டு தட்டாக வையுங்கள்.

ஃபிளாங்க்: ருசியில் முதல், வேலையிலும் முதல்

மாட்டின் வயிற்றுப் பகுதியிலிருந்து வரும் தட்டையான கறி. மேலே பார்த்தாலே நார்கள் நீளவாக்கில் கோடு கோடாக ஓடுவது தெரியும். இதை முழுதாக வைப்பதுதான் நல்லது. காய்கறியை 425 டிகிரி ஃபாரன்ஹைட்டில் (கனடாவிலும் ஓவன் பொத்தான் மட்டும் ஃபாரன்ஹைட்டில்தான் பேசும், செல்சியஸில் சுமார் 220) முதலில் முக்கால்வாசி வேகவிட்டு, ஓரமாக ஒதுக்கி, உப்பும் மிளகும் பூண்டும் தடவிய கறியை நடுவில் வைத்து, மேலிருந்து மட்டும் சூடு வரும் ப்ராயில் முறைக்கு மாற்ற வேண்டும். பக்கத்துக்கு நாலைந்து நிமிடம். வெளியே எடுத்து ஏழெட்டு நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே, கத்தியைச் சாய்த்து மெல்லிசாக நறுக்க வேண்டும். நார் ஓடும் திசையிலேயே நறுக்கினால் ஒவ்வொரு துண்டிலும் முழு நீள நார் இருக்கும், தாடை வலிக்கும். குறுக்கே நறுக்கினால் நார் துண்டு துண்டாகி வாயில் உதிரும். கறி அதேதான், பக்குவமும் அதேதான். கத்தி போன திசைதான் வேறு.

நறுக்கிய பிறகு தட்டில் வைப்பவர்களும் உண்டு, ஃபஹீட்டா என்ற மெக்சிகோ பாணிக் கறி மாதிரி. குடைமிளகாயும் வெங்காயமும் பத்து நிமிடம் முன்னால் போய்விட்டால், கறித் துண்டுகளுக்கு ஆறேழு நிமிடம் போதும். ஆனால் மெல்லிய துண்டு தண்ணீர் விட்டு வெளிறிப் போகும். சீனச் சமையலில் செய்வதுபோல அரைக் கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி சமையல் சோடா பிசறி, கால் மணி நேரம் வைத்து, கழுவித் துடைத்துப் போட்டால் கறி மிருதுவாக இருக்கும். அதற்கு மேல் சோடா போட்டால் சோப்பு வாடை அடிக்கும். உண்மையைச் சொன்னால், இப்படி மெல்லிய துண்டாகச் செய்வதென்றால் ஓவனே தேவையில்லை. ஓவன் சூடாகும் கால் மணி நேரத்துக்குள் அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து இரண்டு தவணையாக வதக்கி இறக்கிவிடலாம், நன்றாகவும் சிவக்கும். ஒரே தட்டு, ஒரே கழுவல் என்பதற்காக மட்டும் ஓவனைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

இன்னொரு சிக்கல்: ப்ராயில் சூட்டுக்கு அடியில் பார்ச்மென்ட் தாள் (ஒட்டாமலிருக்கத் தட்டில் விரிக்கும் பேக்கிங் தாள்) வைக்கக் கூடாது, பற்றிக்கொள்ளும். கண்ணாடித் தட்டும் ஆகாது. வெறும் தட்டு அல்லது அலுமினியத் தாள்தான். மெல்லிய தட்டானால் அந்தச் சூட்டில் ‘டங்’கென்று சத்தம் போட்டு வளையும், ஆறியதும் பெரும்பாலும் பழையபடி நிமிர்ந்துகொள்ளும்.

சர்லாயின்: உங்கள் வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள்?

ஓர் அங்குலச் சதுரத் துண்டாக நறுக்கி, எண்ணெயும் உப்பும் பிசறி, உருளைக்கிழங்கு 20, 25 நிமிடம் வெந்த பிறகு அதன் நடுவே போட்டால் எட்டிலிருந்து பத்து நிமிடத்தில் தயார். ப்ராயில் வேண்டாம், கடைசியில் நறுக்கும் வேலையும் வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சிக்கல் கறியில் இல்லை, சாப்பிடுகிறவர்களிடம். சர்லாயினில் கொழுப்பு குறைவு. உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்போது, அதாவது நடு வெப்பம் 63 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்போது, அது மிருது. 70ஐத் தாண்டினால் சாறு வெளியேறி விறைத்துவிடும். நம் வீடுகளில் பெரியவர்கள் முன்னால் சிவப்பு தெரியும் கறியை வைத்துப் பாருங்கள். “இது வேகலையே” என்று தட்டு திரும்பி வரும். கசிவது இரத்தமில்லை, தசையிலுள்ள மையோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் கலந்த தண்ணீர் என்று விளக்கினால் தலையாட்டுவார்கள்; சாப்பிட மாட்டார்கள். சரி என்று இன்னும் பத்து நிமிடம் விட்டால், நல்ல விலை கொடுத்து வாங்கிய கறி ஸ்டூயிங் பீஃபைப் போலவே மெல்ல வைக்கும். ஸ்டேக்கை நடுவில் சிவப்பாகவே விரும்பும் வீடு என்றால் மட்டும் சர்லாயினை எடுங்கள்.

பொட்டலத்தின் லேபிளையும் படிக்க வேண்டும். இயந்திரத்தால் ஊசி குத்தி மிருதுவாக்கிய ஸ்டேக்கில் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது கனடாவில் 2014 முதல் கட்டாயம். மேற்பரப்பில் இருக்கும் கிருமியை ஊசி உள்ளே கொண்டுபோய்விடும் என்பதால், அந்தக் கறியை நடுவிலும் 63 டிகிரி எட்டும்வரை வேகவைக்கச் சொல்கிறார்கள். வேகும்போது இரண்டு முறையாவது திருப்பவும் வேண்டும்.

கொத்துக்கறி: என் ஓட்டு

அரைத்த கறியை எப்படியும் 71 டிகிரி செல்சியஸ் வரை வேகவைத்தே ஆக வேண்டும். அரைக்கும்போது மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுவதால் அதில் பேரம் பேச முடியாது. சர்லாயினுக்குத் தண்டனையாக இருந்த ‘நன்றாக வேகட்டும்’ இதற்கு இயல்பான பக்குவம். காய்கறி கேட்கும் நேரமும் இது கேட்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. நான் கொத்துக்கறிப் பக்கம் சாய இந்த ஒரு காரணமே போதும்.

உருண்டைக்கு மசாலா தேடி அலைய வேண்டாம், கோலா உருண்டை இருக்கிறதே. அரைக் கிலோ கறிக்கு மூன்று மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு, ஒரு முட்டை, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, பச்சை மிளகாய், தட்டிய சோம்பு, உப்பு. பொட்டுக்கடலை கறி விடும் சாற்றைப் பிடித்துக்கொள்ளும். உருண்டை உடையாது, வறளாது. பெரிய எலுமிச்சை அளவில் பிடியுங்கள். காலிஃபிளவரையும் முக்கால் அங்குலக் கேரட்டையும் எண்ணெய், மஞ்சள், உப்பு பிசறி 425இல் பத்து நிமிடம் முன்னால் அனுப்பிவிட்டு, பிறகு உருண்டைகளை இடையிடையே வைத்தால் 18 நிமிடம் அளவில் எல்லாம் ஒன்றாக முடியும். உருண்டையிலிருந்து உருகும் கொழுப்பு காலிஃபிளவரின் ஓரங்களில் ஏறி, கருகியும் கருகாமலும் ஒரு பதம் வரும் பாருங்கள், பிள்ளைகள் முதலில் பொறுக்குவது அதைத்தான். எண்ணெயில் பொரித்த கோலாவின் மொறுமொறுப்பு வராது. அதை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

வாங்கும்போது கொழுப்பைக் கவனியுங்கள். கனடாவில் ‘மீடியம்’ என்றால் 23 சதவீதம் வரை கொழுப்பு, ‘லீன்’ 17 வரை, ‘எக்ஸ்ட்ரா லீன்’ 10 வரை. மீடியத்தில் காய்கறி கொழுப்பில் மிதக்கும், எக்ஸ்ட்ரா லீனில் உருண்டை மாவு மாதிரி ஆகும். லீன்தான் இந்தத் தட்டுக்குப் பொருத்தம். உள்ளே பழுப்பாகிவிட்டது என்பதை வைத்து வெந்ததாக எண்ண வேண்டாம். அரைத்த கறி 71 எட்டும் முன்பே நிறம் மாறிவிடுவதுண்டு. வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பிசைந்து உருட்டப் பத்து நிமிடம் ஆகும், கையெல்லாம் கறி. ஆனால் ப்ராயில் இல்லாததால் பார்ச்மென்ட் தாள் போடலாம் (உறையில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள்), தட்டு கழுவும் வேலை பாதியாகிறது. முந்தின இரவே உருட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் அந்தப் பத்து நிமிடமும் மிச்சம்.

காய்கறியில் சுக்கினி, தக்காளி, காளான் மூன்றையும் இந்தத் தட்டில் சேர்க்காதீர்கள், தண்ணீர்தான் மிஞ்சும். ப்ரோக்கோலியும் பீன்ஸும் கால் மணி வகை, உருண்டையோடு சேர்த்தே போடலாம்.

மிச்சமானால்? ஃபிளாங்க் குளிர்ந்த பிறகும் நன்றாக இருக்கும், மெல்லிசாக நறுக்கி எலுமிச்சை பிழிந்து ரொட்டிக்குள் வைக்கலாம். சர்லாயின் மைக்ரோவேவில் இன்னொரு தடவை வெந்து இறுகிவிடும், அன்றே தீர்த்துவிடுங்கள். உருண்டையை மறுநாள் தேங்காய்ப்பால் குழம்பில் போட்டு ஒரு கொதி விட்டால் சோற்றுக்கு ஆயிற்று.