கலியாண வீட்டிலிருந்து மொடல் படப்பிடிப்புக்கு: யாழ்ப்பாணத்துக் கமராக்காரருக்கு எந்த வழி பொருந்தும்?

யாழ்ப்பாணத்தில் கமராவைத் தொழிலாகக் கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் கலியாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள், அரங்கேற்றம், தேர்த் திருவிழா என்று நிகழ்வுகளிலேயே கை பழகியவர்கள். நடப்பதைப் பிடித்துக் கொடுப்பது மட்டும் போதாது, ஒரு படத்தைத் தாமே எண்ணித் திட்டமிட்டு உருவாக்க வேண்டும் என்ற விருப்பம் அவர்களில் சிலருக்கு ஒரு கட்டத்தில் எழுகிறது. மொடல்களோடு வேலை செய்வதற்கு இங்கிருந்து நான்கு வழிகள் இருக்கின்றன. இரு தரப்பும் பணம் வாங்காமல் ஒருவருக்கொருவர் உதவியாகப் படம் எடுப்பது, கட்டணம் கொடுத்து மொடல் ஒருவரை அமர்த்துவது, மணப்பெண் அலங்காரக் கலைஞர்கள், புடவைக் கடைகள், நகைக் கடைகள் ஆகியோரோடு சேர்ந்து இயங்குவது, கொழும்புக்குப் போய்ப் பஷன் படப்பிடிப்பாளர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்வது ஆகியவையே அவை. இவற்றுள் மூன்றாவது வழியே இங்குள்ள பெரும்பாலானோருக்குப் பொருத்தமானது என்பது என் முடிவு. ஆனால் முதலாவது வழியில் சிறிது தூரம் நடக்காமல் மூன்றாவதற்குள் நுழைவது கடினம் என்பதால், இரண்டையும் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கலியாண வீட்டில் கமராக்காரர் வாய் திறக்காவிட்டாலும் தாலி கட்டு நடக்கும், ஆரத்தி எடுப்பார்கள், அறுகரிசி இடுவதற்கு உறவினர்கள் வரிசையாக மணவறைக்கு ஏறுவார்கள். அடுத்து வருவதை முன்கூட்டியே உணர்ந்து சரியான இடத்தில் நிற்பதுதான் அங்கே திறமை. மொடலின் முன்னால் நிற்கும்போதோ, நீங்கள் சொல்லும்வரை எதுவும் நடப்பதில்லை. "இங்க பாருங்கோ, சிரியுங்கோ" என்ற இரண்டு சொல்லை வைத்துக் குடும்பப் படங்களை முடித்துவிடலாம். தனியொருவரை நிறுத்தி ஒரு மணி நேரம் வேலை செய்ய அவை போதா. உடலின் பாரத்தை எந்தக் காலில் வைப்பது, தாடையை எவ்வளவு தாழ்த்துவது, கைக்கும் உடலுக்கும் நடுவே எவ்வளவு வெளிச்சம் தெரிய விடுவது, விரல்கள் புறங்கையைக் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பி நிற்க என்ன சொல்வது என்பதையெல்லாம் படப்பிடிப்பாளரே சொல்ல வேண்டும். ஆகவே ஒவ்வொரு வழியும் இந்த இயக்கும் பழக்கத்தை எவ்வளவு வளர்க்கிறது என்பதே என் முதன்மை அளவுகோல். எடுத்த படங்களை வெளியில் காட்ட முடியுமா, அந்தப் படங்களைப் பார்த்து அடுத்த வேலை வருமா என்பவை அதற்கு அடுத்தவை.

பணமில்லாத வழி

இன்ஸ்ரகிராமில் அறிமுகமாகும் ஒருவரோ நண்பரின் தங்கையோ படத்துக்காக நிற்கிறார்; நாம் படம் எடுத்துக் கொடுக்கிறோம்; இருவருக்கும் காட்டுவதற்குச் சில படங்கள் மிஞ்சுகின்றன. செலவு குறைவு, அவசரம் இல்லை, தவறினால் யாருக்கும் நட்டமில்லை என்பன இதன் நன்மைகள். ஆனால் அனுபவமில்லாத படப்பிடிப்பாளரும் அனுபவமில்லாத மொடலும் சேரும்போது இருவருமே மற்றவரின் சொல்லுக்காகக் காத்திருப்பார்கள். கலியாண வீட்டில் பழகியவர் அந்த மௌனத்தை ஷட்டர் ஒலியால் நிரப்பத் தொடங்குவார். நூற்றுக்கணக்கில் படங்கள் சேரும், நிற்கும் நிலை மட்டும் மாறியிருக்காது.

இதற்கு யாழ்ப்பாணத்திலேயே நல்ல தீர்வு ஒன்று உண்டு. மொடலாக விரும்புகிறவரைத் தேடுவதற்கு முன்னர் பரதநாட்டியம் கற்றவரைத் தேடுங்கள். மருதனார்மடத்தில் இராமநாதன் பெயரால் விளங்கும் நுண்கலை வளாகமும் ஊர்தோறும் இருக்கும் நடனப் பள்ளிகளும் உடலைத் தம் சொற்படி நிறுத்தத் தெரிந்தவர்களை ஆண்டுதோறும் உருவாக்குகின்றன. அரங்கேற்றம் எடுத்துப் பழகிய கமராக்காரருக்கு அந்த ஆசிரியர்களோடும் குடும்பங்களோடும் அறிமுகம் ஏற்கெனவே இருக்கும். நடனமணி ஒரு நிலையில் அசையாமல் நிற்பார், அதே நிலைக்குத் திரும்பவும் வருவார், விரல் நுனியின் இருப்பு அவருக்குத் தெரியும். இதனால் படப்பிடிப்பாளர் ஒளியிலும் சட்டகத்திலும் கவனம் செலுத்த நேரம் கிடைக்கிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அரங்கின் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டிய முகபாவம் அண்மைப் படத்தில் மிகையாகத் தெரியும். கண்ணை விரிக்காமல், புருவத்தை உயர்த்தாமல், மூச்சை வெளியே விட்டபின் வரும் முகத்தைக் கேட்டுப் பெற வேண்டும். அப்படிக் கேட்டுப் பெறுவதுதான் இயக்குவதில் முதல் பாடமாகவும் அமைகிறது.

இந்த வழியின் பெரிய ஆபத்து கலையில் இல்லை, நம்பிக்கையில் இருக்கிறது. யாழ்ப்பாணம் சிறிய இடம். படம் வெளியான அன்றே ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கும் சித்தப்பாவும் மாமியும் உட்பட உறவு வட்டம் முழுவதும் அதைப் பார்த்துவிடும். எந்தப் படம் வெளியாகும், எங்கே வெளியாகும், அலங்காரம் செய்தவர் அதைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா, பின்னொரு நாள் நீக்கச் சொன்னால் நீக்கப்படுமா என்பவற்றை வாய்ப்பேச்சில் விடாமல் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளருக்கு உரிமை தருகிறது என்பது உண்மையே. ஆனால் படத்தின் உரிமை கையில் இருப்பதும், படத்தில் இருப்பவரின் சம்மதம் கிடைத்திருப்பதும் வேறு வேறு. 18 வயதுக்குக் குறைந்தவராயின் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும், படப்பிடிப்பு முடியும்வரை அவர்களின் இருப்பும் இல்லாமல் கமராவைத் தூக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வயது வந்தவரிடமும், விரும்பினால் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று நாமே முந்திச் சொல்லிவிட வேண்டும். அம்மா அருகில் இருந்தால் பிள்ளை கூச்சப்படும் என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தக் கூச்சம் சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும். அம்மாவை வெளியே நிறுத்தியதால் ஏற்படும் சந்தேகம் தீராது.

கட்டணம் கொடுத்து அமர்த்துவது

அனுபவமுள்ள மொடல் ஒருவர் ஒரு மணி நேரத்தில் காட்டும் நிலைகளைப் புதியவரிடம் பெற நாள் முழுவதும் வேண்டும். ஆயினும் அத்தகையவர்களில் பெரும்பாலோர் கொழும்பில் இருப்பதால், கட்டணத்தோடு பயணமும் தங்குமிடமும் சேர்ந்துகொள்கின்றன. அதைவிட முக்கியமானது, திறமையான மொடல் சொல்லாமலே நிலை மாற்றுவதால், கலியாண வீட்டில் செய்ததைப் போலவே படப்பிடிப்பாளர் காத்திருந்து பிடிக்கத் தொடங்கிவிடுகிறார். படங்கள் அழகாக வரும், பழக்கம் வளராது. பலர் சேர்ந்து ஒரே மொடலைச் சூழ்ந்து நின்று எடுக்கும் பயிற்சிப் பட்டறைகளிலும் இதே குறை இன்னும் கூடுதலாக உண்டு. இதை நான் தொடக்கத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைகளோடும் அலங்காரக் கலைஞர்களோடும்

மணப்பெண் அலங்காரக் கலைஞருக்குப் புதிய அலங்காரங்களைக் காட்டப் படங்கள் வேண்டும். புடவைக் கடைக்கு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பச் சேலைப் படங்கள் வேண்டும். கஸ்தூரியார் வீதி நகைக் கடைக்கு அட்டியலும் பதக்கமும் அணிந்த கழுத்து வேண்டும். இவர்களோடு கலியாண வீட்டுக் கமராக்காரருக்கு ஏற்கெனவே தொழில் உறவு உண்டு. மொடலைத் தேடும் பொறுப்பையும் பெரும்பாலும் அவர்களே ஏற்பார்கள். பெண்களும் அவர்களின் குடும்பங்களும், தமக்குத் தெரிந்த அழகுக்கலை நிலையத்தின் பெயரில் நடக்கும் படப்பிடிப்பைத் தனியொரு கமராக்காரரின் அழைப்பைவிட எளிதாக நம்புகிறார்கள்.

இந்த வழியை நான் முதன்மையாகக் கொள்வதற்கு இன்னொரு காரணம், இங்கே படத்துக்கு ஒரு வேலை இருக்கிறது என்பதே. சேலைப் படம் என்றால் முழு உருவம், விரித்த முந்தானை, கரையின் அண்மைப் படம், சட்டைத் துணி ஆகிய நான்கும் தெளிவாக வேண்டும். மொடல் எப்படி நிற்க வேண்டும் என்பதை அந்தத் தேவையே தீர்மானிக்கிறது. முந்தானை தெரியக் கை விலக வேண்டும், கொசுவம் கலையாமல் ஒரு கால் முன்னால் வர வேண்டும் என்றெல்லாம் சொல்வதற்குக் காரணம் கிடைக்கும்போது படப்பிடிப்பாளரின் சொல்லும் தடுமாறாது. நிகழ்வில் எஃப் 1.8 என்ற அகன்ற லென்ஸ் துவாரத்தில் பின்னணியை மங்கலாக்கிப் பழகியவர் இங்கே எஃப் 5.6 அல்லது எஃப் 8 என்ற சிறிய துவாரத்துக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் கண் கூர்மையாகவும் தோடு மங்கலாகவும் வரும், அந்தத் தோட்டை விற்கத்தான் கடைக்காரர் பணம் தருகிறார். கமராவின் மேல் பொருத்திய பிளாஷை நேராக அடித்தால் பொன்னிலும் சரிகையிலும் வெள்ளைப் புள்ளிகள்தான் மிஞ்சும். ஒளியை மென்மையாக்கும் பெரிய சொப்ட்பொக்ஸைப் பக்கவாட்டில் நெருக்கமாக வைத்தால், பொன்னின் வளைவில் ஒளி படிப்படியாக இறங்கி வேலைப்பாடு துலங்கும். நிறத்திலும் இதே கவனம் வேண்டும். கடையின் எல்ஈடி விளக்கும் வாசல் வழியே வரும் பகல் வெளிச்சமும் கலந்தால் அரக்குச் சேலை செந்நிறமாகிவிடும். ஒவ்வொரு ஒளியமைப்பிலும் சாம்பல் நிற அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், பின்னர் அதைப் பார்த்து நிறத்தைச் சரிசெய்து, நிறம் பற்றிய தகராறைத் தவிர்க்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. கடைக்காரர் பழைய கலியாணப் பாணியையே கேட்பார். மிகையான மேக்கப்பையும் தோலைப் பளிங்காக்கும் திருத்தத்தையும் விரும்புவார். கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டு, கடைசி அரை மணி நேரத்தை நம் விருப்பப்படி எடுக்க முன்கூட்டியே அனுமதி பெறுவதுதான் இதற்கு வழி. ஒரு தொகுதியைப் பணமின்றிச் செய்து காட்டலாம். இரண்டாவதையும் அப்படிச் செய்தால் அதுவே விலையாகிவிடும்.

கொழும்பில் உதவியாளராக

கற்பதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். 2003 ஆம் ஆண்டில் தொடங்கிய கொழும்பு பஷன் வீக்கைச் சுற்றி வளர்ந்த ஆடை வடிவமைப்பாளர்களும் ஒப்பனைக் கலைஞர்களும் விளம்பர நிறுவனங்களும் அங்கேதான் இருக்கிறார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே, அனுபவமுள்ளவர் மொடலோடு எப்படிப் பேசுகிறார், எப்போது பேசாமல் விடுகிறார் என்பது காதில் விழும். ஆனால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஊரில் பதிவான கலியாணங்களையும் இழக்க வேண்டும். குடும்பப் பொறுப்பு இல்லாத இளையவருக்கு இது சரியான முடிவாகலாம். ஊரில் ஸ்ரூடியோவும் கடனும் உள்ளவருக்கு அப்படியல்ல.

கருவியும் வெளிச்சமும்

லென்ஸ் பற்றிய விவாதத்தை இங்கே நீட்ட விரும்பவில்லை. கலியாணத்துக்கென வைத்திருக்கும் 70–200 மில்லிமீற்றர் லென்ஸ் இதற்குப் போதும். 85 மில்லிமீற்றர் வசதியானது, கட்டாயமில்லை. வெளிச்சம் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் மண்டபத்தின் வெள்ளைக் கூரையில் பிளாஷை அடித்துத் தெறிக்க விடும் நம் பழக்கம் வெளியில் உதவாது.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணத்தில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கிறது. கண்குழியில் கருநிழலும் மூக்கின் கீழ் ஒரு கறுப்புக் கோடும் விழும். அந்த வெயிலை பிளாஷால் வெல்ல வேண்டுமானால், ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100 இல், கமரா பிளாஷோடு ஒத்தியங்கும் 1/200 செக்கன் ஷட்டர் வேகத்தில், எஃப் 11 க்குப் போதிய ஒளி வேண்டும். கமராவின் மேல் வைக்கும் சிறிய பிளாஷ் சொப்ட்பொக்ஸுக்குள் போனபின் அவ்வளவைத் தராது. குறைந்தது 200 வாட்–செக்கன் ஒளியாற்றல் கொண்ட தனி பிளாஷ் விளக்காவது வேண்டும். அதற்கும் சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் கசூரினாக் கடற்கரையிலோ பண்ணையிலோ விளக்கைப் பிடிக்க ஓர் ஆள் தேவை. மணற்காட்டு மணல்மேடுகளில் லென்ஸ் மாற்றும் எண்ணமே வேண்டாம். யாழ்ப்பாணக் கோட்டை, மந்திரி மனை போன்ற இடங்களில் வணிகப் படப்பிடிப்புக்குத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியை முன்னரே கேட்டுப் பெறுவது, மொடலை வாசலில் நிறுத்திவைத்துப் பேச்சு வாங்காமலிருக்க உதவும்.

இவற்றுக்கு மாற்றாக நான் காண்பது பழைய நாற்சார் வீடு. நடு முற்றத்தில் விழும் வெளிச்சம் சுவர்களில் பட்டு உள் விறாந்தைக்கு மென்மையாக வருகிறது. மொடலை விறாந்தையின் ஓரத்தில், முற்றத்தைப் பார்த்து நிறுத்தி, முகத்தை ஒரு தூணின் பக்கம் சிறிது திருப்பச் சொன்னால், கன்னத்தின் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் மெல்லிய நிழலும் கிடைக்கும். உள்ளே இரண்டு அடி பின்வாங்கச் சொன்னால் நிழல் ஆழமாகும். விளக்கு வாங்காமலே ஒளியின் திசையையும் தூரத்தையும் கற்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மார்கழியில் கலியாணங்கள் இல்லாததால் நேரமும் இருக்கும். மழைக்கால முகில் வெளிச்சத்தை இன்னும் மென்மையாக்கும்.

ஆகவே ஊரிலேயே இருந்து தொழில் செய்பவர் மார்கழியில் நடனமணி ஒருவரோடு நாற்சார் வீட்டில் தொடங்கி, அந்தப் படங்களைத் தையில் கலியாணக் காலம் பிறப்பதற்கு முன்னர் அலங்காரக் கலைஞர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். கலியாணப் பதிவுகளைக் கைவிடத் தேவையில்லை. கடைகளிலிருந்து ஒழுங்காக வேலை வரத் தொடங்கிய பின்னரே தனி விளக்கு வாங்கினால் போதும். அதுவரை வாடகைக்கு எடுக்கலாம்.