கோல்டு ஏர் இன்டேக்கை நாமே கட்டுவதற்கான குழாய்த் தொகுப்பு: பொருத்தி ஓட்டிப் பார்த்த மதிப்பீடு

வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இன்ஜினுக்குக் கொண்டுவரும் குழாய் அமைப்பான கோல்டு ஏர் இன்டேக்கை வீட்டிலேயே கட்டிக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக விற்கப்படும் பொதுவான குழாய்த் தொகுப்பு ஒன்றை வாங்கி, டர்போ இல்லாத என் பெட்ரோல் காரில் பொருத்தி, இதுவரை 4,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். 76 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள இரண்டு அலுமினியக் குழாய்கள், எண்ணெய் தடவிய பருத்தித் துணியாலான கூம்பு வடிவ ஃபில்டர், மூன்று சிலிக்கோன் இணைப்புகள், கிளாம்புகள், இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரைப் பொருத்துவதற்கான அலுமினிய இருக்கை ஆகியவை பெட்டியில் இருந்தன. எந்தக் காருக்கும் ஏற்றது என்று அட்டையில் எழுதியிருந்தாலும், குழாயை அளந்து அறுத்துப் பொருந்தச் செய்யும் வேலை முழுவதும் நம்முடையதுதான்.

குழாய்களின் வளைவுகள் நசுங்காமல், உள்பக்கம் மழமழவென்று இருக்கின்றன. சிலிக்கோன் இணைப்புகளும் தடிமனானவை. இன்ஜின் சூட்டில் இன்றுவரை தளரவில்லை. கிளாம்புகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு கிளாம்புகளில் திருகு பிடிப்பதற்குள்ளாகவே மரை வழுக்கிவிட்டதால் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வேறு வாங்கினேன். குழாயை அறுத்த பிறகு உள்விளிம்பில் விரலை ஓட்டியபோது, நகத்துண்டு அளவில் சுருண்ட அலுமினியச் சீவல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தக் குழாய் ஃபில்டருக்குப் பின்னால் இருப்பதால், அதிலிருந்து உதிரும் எதுவும் தடையில்லாமல் இன்ஜினுக்குள் போய்விடும். அரத்தால் விளிம்பை ராவி, குழாயைக் கழுவி, உலரவிட்ட பிறகே பொருத்த வேண்டும் என்பதை விளக்கத்தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். அதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

இந்தத் தொகுப்பில் என்னை மிகவும் அலைக்கழித்தது சென்சார் இருக்கைதான். மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார், தன்னைக் கடந்து செல்லும் காற்று ஒரு சூடான கம்பியை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதைக் கொண்டு காற்றின் நிறையைக் கணிக்கிறது. அந்தக் கணக்கு, கார் நிறுவனம் கொடுத்த சென்சார் கூட்டின் விட்டத்துக்கென்றே அமைக்கப்பட்டது. என் காரில் அந்தக் கூட்டின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர், தொகுப்பில் வந்த குழாயின் உள்விட்டம் 73 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர்தானே என்று நான் நினைத்தேன். ஆனால் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 9 சதவீதம் கூடிவிடுகிறது, அந்த அளவுக்குக் காற்றின் வேகம் குறைகிறது, சென்சார் காற்றைக் குறைத்துக் காட்டுகிறது, இன்ஜினுக்குப் பெட்ரோல் போதாமல் போகிறது. சில நாட்களில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. காரோடு வந்த ஃபில்டர் பெட்டியான பழைய ஏர் பாக்ஸிலிருந்து சென்சார் கூட்டைக் கழற்றி, விட்டத்தைக் குறைக்கும் இணைப்புகளை இருபுறமும் போட்டு அதையே குழாயின் நடுவில் வைத்ததும் குறை தீர்ந்தது. சென்சாருக்கு முன்னால் வளைவு இல்லாத நேர்க்குழாய் கொஞ்சமாவது இருந்தால்தான் அளவீடு நிலையாக இருக்கிறது என்பதையும் அப்போது கண்டேன்.

ஃபில்டர் காற்றை நன்றாக விடுகிறது. கழுவிய பின் எண்ணெயை அளவோடு தடவ வேண்டும். மிகுந்தால் சென்சார் கம்பியில் படிந்து அளவீட்டைக் கெடுக்கும்.

இனி, குளிர்ந்த காற்று என்ற பெயருக்கு வருகிறேன். கூம்பு ஃபில்டரைப் பானெட்டுக்குள் திறந்தபடி விட்டால் அது ரேடியேட்டரும் எக்ஸாஸ்டும் சூடாக்கிய காற்றைத்தான் உறிஞ்சும். உறிஞ்சும் காற்று 40 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்கு ஏறினால் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறைகிறது. அகலமான குழாயால் கிடைக்கும் சிறிய நன்மையை அதுவே விழுங்கிவிடக்கூடும். காரின் கணினியில் பதிவாகும் அளவீடுகளைக் காட்டும் ஓபிடி ஸ்கேனரில் காற்றின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டியபோது, சிக்னலில் நின்றால் எண் விறுவிறுவென்று ஏறியதையும், சாலையில் வேகம் எடுத்த பிறகும் இறங்க நேரம் பிடித்ததையும் கண்டேன். அலுமினியத் தகட்டை வளைத்து ஃபில்டரைச் சுற்றி மறைப்புக் கட்டி, மேல் விளிம்பில் பானெட்டைத் தொடும்படி ரப்பர் பட்டை ஒட்டி, கார் நிறுவனம் முன்பக்கத்தில் வைத்திருந்த காற்று வழியையே அதற்குள் திருப்பிவிட்ட பிறகுதான், ஓடும்போது வெளி வெப்பநிலைக்கு அருகில் எண் நின்றது. இவ்வளவு முக்கியமான மறைப்புத் தகடு தொகுப்பில் இல்லை என்பதே இதன் பெரிய குறை. இன்னும் குளிர்ந்த காற்றுக்காக ஃபில்டரைப் பம்பருக்குள் தாழ்வாக இறக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேங்கிய நீரை இன்ஜின் உறிஞ்சிவிட்டால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

சக்தி கூடியதாக என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பழைய ஏர் பாக்ஸும் வெளிக்காற்றைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது, அதிலிருந்த ரெசொனேட்டர் இரைச்சலை அடக்கிக்கொண்டிருந்தது. இப்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எழும் கனத்த உறிஞ்சொலி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அந்த ஒலிக்காகவும், ஒரு வேலையைக் கையால் செய்து கற்கும் ஆசைக்காகவும் வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். வேகத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். வாங்குவதற்கு முன், உங்கள் காரின் சென்சார் கூட்டை வெர்னியர் காலிப்பரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.