வின்செஸ்டர் 70-ஆ, ரெமிங்டன் 720-ஆ?

பழைய அமெரிக்க வேட்டைத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள், அதிலும் கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் பிரியர்கள், எங்கே பேச்சை ஆரம்பித்தாலும் வின்செஸ்டர் மாடல் 70-க்குத்தான் வந்து சேர்வார்கள். 1936-இலிருந்து 1963 வரை கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் செய்தவற்றுக்குத்தான் மவுசு. தோட்டாவை இறுகக் கவ்வி உள்ளே கொண்டுபோகும் ஜெர்மானிய மௌசர் துப்பாக்கி பாணிக் கொக்கியும், கட்டையில் (மரப் பிடியில்) கையால் வெட்டிய வேலைப்பாடும் அதற்குக் காரணம். செலவைக் குறைக்க 1964-இல் இரண்டையும் கைவிட்டார்கள். வரிசை எண் 7,00,000-க்குக் கீழே இருந்தால் பழையது.

சரி, 5,80,000-க்கு மேல் செய்த துப்பாக்கி எப்படி அரிதாகும்? வகையில்தான். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய 20 அங்குலக் குழல் கார்பைன் (குட்டைக் குழல் வகை), .300 சாவேஜ், .35 ரெமிங்டன் தோட்டாக்களுக்குச் செய்தவை எல்லாம் லேசில் கண்ணில் படாது. வம்பும் அங்கேதான் இருக்கிறது. சாதாரண .30-06 தோட்டாவுக்குச் செய்த ஒன்றின் குழலை மாற்றிவிட்டால் அதுவும் ‘அரிய’ துப்பாக்கி ஆகிவிடும். அதனால் கட்டையைக் கழற்றிப் பார்க்காமல் பணத்தை எடுக்கவே கூடாது. குழலின் அடியில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறித்திருக்கும். வரிசை எண் காட்டும் ஆண்டுக்கும் அதற்கும் பெரிய இடைவெளி இருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டுவதற்காக யாரோ பிற்காலத்தில் துளை போட்டிருந்தாலும் மதிப்பு சரிந்துவிடும்.

ரெமிங்டன் 720 கதையே வேறு. முதல் உலகப்போரின் எம்1917 என்ஃபீல்டிலிருந்து பிறந்த மாடல் 30-ஐச் செம்மைப்படுத்தி 1941-இல் கொண்டுவந்தார்கள். இரண்டாம் உலகப்போர் குறுக்கிட்டது. மொத்தமே சுமார் 2,500தான் செய்தார்கள். அதில் பெரும்பகுதியை அமெரிக்கக் கடற்படை வாங்கிக்கொண்டு, பின்னாளில் குறிபார்த்துச் சுடுவதில் தேறியவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தது. 1948-இல் குறைந்த செலவில் செய்யக்கூடிய 721 வந்ததும் 720-க்கு வேலை இல்லாமல் போனது. இதில் துப்பாக்கியின் உடலே அரிது என்பதால், குழலை மாற்றி ஏமாற்றுவதில் யாருக்கும் பெரிய லாபம் இல்லை. குறை என்றால், ஒரு சின்ன பாகம் தொலைந்தாலும் மாற்று தேடி அலைய வேண்டும்.

மாடல் 70-க்கு முன்பு வந்த வின்செஸ்டர் மாடல் 54-ஐயும் சிலர் சொல்வார்கள். .270 வின்செஸ்டர் தோட்டா 1925-இல் அதோடுதான் வந்தது. அந்தப் பெருமை போதும்.

காட்டுக்கு எடுத்துப்போய்ச் சுடவும் வேண்டும் என்றால் .270-இலோ .30-06-இலோ ஒரு பழைய மாடல் 70 வாங்குங்கள். அரிய பொருளாக ஒன்றே ஒன்று வேண்டும் என்றால் நான் 720-ஐத்தான் சொல்வேன். அப்புறம், நீலப்பூச்சு தேய்ந்திருக்கிறதே என்று புதிதாகப் பூசக் கொடுத்துவிடாதீர்கள். அந்தத் தேய்மானத்தோடு இருப்பதற்குத்தான் விலை.