நாலு குழி ஈய அச்சு: வாங்கலாம், ஆனால் வீட்டுக்குள் உருக்க வேண்டாம்

முகத்துவாரத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. களனி கங்கை கடலில் விழுகிற இடத்தில் இழுப்பு அப்படி. தூண்டிலை அடியில் நிறுத்தக் கட்டும் ஈயக் குண்டு இலேசாக இருந்தால் எறிந்த இடத்தில் நிற்காமல் உருண்டு கரைக்கு வந்துவிடும், பாரமானதைப் போட்டால் கல்லிடுக்கில் மாட்டி, இழுக்க இழுக்கத் தங்கூசி (நைலோன் நூல்) அறுந்து எல்லாமாகப் போய்விடும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆறு ஈயம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மாசத்துக்கு ஈயத்துக்கே இவ்வளவு கொடுக்கிறோமே, நாமே வார்த்தால் என்ன என்று பக்கத்தில் நிற்கும் அண்ணன் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் இருந்துதான் இந்த அச்சைத் தேடத் தொடங்கினேன்.

புறக்கோட்டையில் தூண்டில் சாமான் விற்கும் ஒரு கடையில் கிடைத்தது. அலுமினியத்தில் இரண்டு பாதி, ஒரு பக்கம் கீல், மறுபக்கம் இரண்டு மரப்பிடி, புத்தகம் மாதிரித் திறந்து மூடலாம். உள்ளே பேரிக்காய் வடிவில் நாலு குழி, 1, 2, 3, 4 என்று எண் கொத்தியிருக்கிறது. பெட்டியில் கம்பனிப் பெயரும் இல்லை, எப்படிப் பாவிப்பது என்று ஒரு வரியும் இல்லை. "ஒரு எண்ணுக்கு 30 கிராம் தம்பி, நாலாவது 120" என்றார் கடை நானா. பிறகு அந்தக் குழியில் வார்த்த குண்டை வீட்டில் தராசில் வைத்தபோது 113 காட்டியது. அந்த எண்கள் அவுன்ஸ் கணக்கு. ஒரு அவுன்ஸ் 28 கிராமும் கொஞ்சமும், ஆகவே நாலாவது குழி 113 கிராம்தான். நானா தெரிந்து ஏமாற்றவில்லை, எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் தூண்டில் கம்பில் எழுதியிருக்கும் பாரத்தைப் பார்த்து ஈயம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஈயத்துக்கு அலைந்த கதை தனி. பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் கடையில் "ஈயம் இருக்கா" என்று கேட்டால் பற்றவைக்கும் கம்பியை எடுத்து நீட்டுகிறார்கள். நம்மிடம் வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், நமக்கு வேண்டியது காரீயம். கடைசியில் ஒரு பழைய இரும்புக் கடையில் சுருட்டி வைத்திருந்த தகடு கொஞ்சமும், தெரிந்த டயர் கடை அண்ணனிடம் சில்லு ஆடாமல் ஓட அதன் விளிம்பில் கிளிப்போடு அடிக்கும் பழைய ஈயத் துண்டுகள் ஒரு பையும் கிடைத்தன. அந்தப் பையில் இருந்ததெல்லாம் ஈயம் இல்லை. கிளிப்பை விட்டுத் துண்டின் உடம்பிலேயே காந்தம் ஒட்டினால் இரும்பு, அதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் குறட்டால் கடித்துப் பார்த்தேன். ஈயத்தில் குறடு வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும், நாகத்தில் (துத்தநாகம், சிங்க்) வழுக்கும், தரையில் போட்டால் ணங் என்று சத்தம் வரும். நாகம் கலந்தால் அந்தச் சட்டி ஈயம் முழுக்கக் கஞ்சி மாதிரித் தடித்து அச்சில் ஓடாது. ஈயம் 327 டிகிரியில் உருகும், நாகத்துக்கு 419 வேண்டும், அதனால் தீயைக் குறைத்து வைத்தால் தப்பி வந்த நாகத் துண்டு மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். கார் பட்டரியை உடைத்து ஈயம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், அமிலமும் நஞ்சு வாயுவும் சேர்ந்த வேலை அது.

நான் இருப்பது வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில். அங்கே உருக்கவில்லை. ஹெந்தளையில் நண்பன் வீட்டுப் பின்வளவில், பிள்ளைகளை அவர்களின் அம்மம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காற்று எங்கள் முதுகுப் பக்கம் இருந்து வீசுகிற மாதிரி அடுப்பை வைத்தோம். வார்ப்பு இரும்புச் சட்டி ஒன்றும் ஒரு கரண்டியும் இதற்கென்றே வாங்கினோம், இனி அவை சமையலறைக்குள் போகாது. ஜீன்ஸ், தோல் சப்பாத்து, தோல் கையுறை, கண்ணாடி. வெயிலில் இவ்வளவும் போட்டுக்கொண்டு நிற்பது கஷ்டம்தான், ஆனால் அன்றைக்கே அதன் அருமை தெரிந்தது.

என்ன நடந்தது என்றால், சட்டியில் ஈயம் உருகிக் கண்ணாடி மாதிரி நிற்கிறது, நண்பன் பைக்குள் இருந்து இன்னொரு துண்டை எடுத்துப் போட்டான். அந்தத் துண்டின் கிளிப்புக்கு அடியில் ஈரம் இருந்திருக்கிறது. அது ஈயத்துக்குள் இறங்கியதும் "டப்" என்று ஒரு வெடி, வெள்ளிப் பொட்டுகளாக ஈயம் சிதறி என் சப்பாத்தில் மூன்று, கண்ணாடியில் ஒன்று. கண்ணாடியில் விழுந்தது ஒரு பயறளவுதான். அதைச் சுரண்டி எடுத்துக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. தண்ணீர் ஆவியாகும்போது 1600 மடங்குக்கு மேல் விரியும், உருகிய ஈயத்துக்கு அடியில் அந்த ஆவி அகப்பட்டால் மேலே இருப்பதை எல்லாம் தூக்கி எறியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டையும் சட்டி விளிம்பில் வைத்துச் சுடவைத்து, காய்ந்தது நிச்சயம் என்று தெரிந்த பிறகே உள்ளே தள்ளினோம். கரண்டியும் அப்படித்தான், குண்டின் முனையில் வளையத்துக்காக அச்சில் வைக்கும் பித்தளைக் கம்பியும் அப்படித்தான். இந்த அச்சை விற்பவர்கள் பெட்டியில் ஒரே ஒரு வரி எழுதுவதானால் இதைத்தான் எழுத வேண்டும். மூன்று மொழியிலும்.

சரி, அச்சுக்கு வருவோம். முதல் நாலும் கிழவியின் கை மாதிரிச் சுருக்கம் சுருக்கமாக வந்தன, இரண்டாவது குழியில் பாதிதான் நிரம்பியது. அச்சு மோசம் என்று நினைத்தேன், இல்லை, அச்சு குளிர்ந்திருந்தது. ஊற்றும்போதே ஈயம் உறைந்துவிடுகிறது. மெழுகுதிரிப் புகையைக் குழிக்குள் காட்டி மெல்லிய கரி படியவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் அச்சைச் சூடேற்றினோம். சட்டிக்குள்ளும் ஒரு மெழுகுத் துண்டைப் போட்டுக் கிளறினால் கசடு பிரிந்து மேலே வரும், புகை பற்றிக்கொள்ளும், முகத்தைத் தள்ளி வையுங்கள். அதன் பிறகு ஊற்றியதைத் திறந்தபோது குண்டு தானாகக் கழன்று மணலில் விழுந்தது, வழுவழுவென்று, முனையில் பித்தளை வளையத்தோடு. அந்தச் சந்தோஷத்தைக் கடையில் வாங்கின ஈயம் தராது. ஒரு மணித்தியாலம் போனதும் மேல் தோல் பனி பிடித்த மாதிரி மங்கலாக வர ஆரம்பித்தது, சூடு கூடிவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் ஆறவிட்டால் போதும். மஸ்கட் துப்பாக்கிக் காலத்துச் சிப்பாய்கள் ரவை வார்த்ததும் இதே மாதிரி இடுக்கி அச்சில்தான், முறையும் பெரிதாக மாறவில்லை.

குறை இரண்டு. மரப்பிடி நீளம் போதாது, இருபது தரம் ஊற்றியதும் கையுறைக்குள்ளேயே சூடு ஏறுகிறது. மற்றது கீல் பக்கம் ஒரு பிசிறு இருந்ததால் இரண்டு பாதியும் சரியாகப் பொருந்தவில்லை, குண்டைச் சுற்றித் தகடு மாதிரி ஓரம் வந்தது. சின்ன அரத்தால் அந்தப் பிசிறை எடுத்த பிறகு முக்கால்வாசி சரி. டயர் ஈயத்தில் வார்த்தால் நாலாம் எண் 110 கிராம்தான் வருகிறது, அதில் அந்திமனி என்ற உலோகம் கலந்திருப்பதால் பாரம் குறைவு, ஆனால் கல்லில் மோதினால் சப்பாது. கல் பக்கத்துக்கு அதுதான் எனக்குப் பிடித்தது.

ஈயத்தின் நஞ்சைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் ஆவியைப் பார்த்துப் பயந்து தூசை விட்டுவிடுகிறார்கள். உருகும் சூட்டுக்குக் கிட்டவே வைத்திருந்தால் ஆவி பெரிதாக எழாது, மேலே அள்ளும் சாம்பல் நிறக் கசட்டின் தூசுதான் உடுப்பிலும் நகத்திலும் ஏறி வீட்டுக்கு வரும். உலக சுகாதார அமைப்பு ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதையும் ஏற்கவில்லை, சின்னப் பிள்ளைகளின் மூளையைத்தான் அது முதலில் தொடும். கசட்டை மூடியுள்ள தகரப் பேணியில் போட்டோம், அங்கேயே சவர்க்காரம் போட்டுக் கை கழுவினோம், உடுப்பைத் தனிப் பையில் கொண்டுவந்து தனியாகத் துவைத்தேன், அதற்கு முன் தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கரையில் நிற்கும்போது சின்ன ஈயத்தைப் பல்லால் கடித்துத் தங்கூசியில் இறுக்கும் பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. இப்போது சட்டைப் பையில் ஒரு சின்னக் குறடு இருக்கிறது.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பெட்டியைத் திறந்து, அச்சை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுக்கோட்டில் எங்காவது வெளிச்சம் தெரிந்தால் வேறொன்று கேளுங்கள், நானா கோபிக்க மாட்டார், எனக்குப் பின் போன நண்பனுக்கு மூன்றாவது பெட்டியில்தான் நல்லது கிடைத்தது.