அகதி அந்தஸ்து வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட்டிடம் பணம் கட்டாதீர்கள்

தேவகோட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரர்களான நாங்கள், தம்பியைக் கனடாவுக்கு அனுப்புவதற்காக அம்மாவின் நகைகளை அடகு வைத்து, காரைக்குடியில் ஓர் ஏஜென்ட்டிடம் 6 லட்சம் ரூபாய் கட்டி ஏமாந்தோம்.

பார்வையாளர் விசாவில் உள்ளே போய் அங்கே ‘அசைலம் அடித்தால்’, அதாவது தஞ்சம் கோரினால், ஆறே மாதத்தில் அகதி அந்தஸ்து கிடைத்துவிடும், பிறகு குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். எந்தக் கட்சியிலும் சேராத தம்பிக்கு அரசியல் எதிரிகளால் உயிருக்கு ஆபத்து என்று ஒரு கடிதத்தையும், காவல் நிலையப் புகாரின் நகல் என்று ஒரு காகிதத்தையும் அவரே தயாரித்தார். அப்போதே நாங்கள் எழுந்து வந்திருக்க வேண்டும்.

விசா நிராகரிக்கப்பட்டது. எங்களுக்குத் தெரியாமல் அவர் இணைத்த வங்கிக் கணக்கு அறிக்கை போலி என்று கண்டறிந்த கனடா அரசு, தவறான தகவல் தந்ததாகத் தம்பிக்கு 5 ஆண்டுத் தடை விதித்துவிட்டது. ரசீதில் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று எழுதியிருப்பதால் பணம் திரும்ப வராது என்று சொன்ன ஏஜென்ட், இப்போது தொலைபேசியை எடுப்பதே இல்லை.

பிறகுதான் சட்டத்தைப் படித்தோம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கைப்படி இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் உள்ளவரே அகதி. வேலையின்மையும் கடனும் அதில் சேரா. கனடாவுக்குள்ளோ அதன் எல்லையிலோ தஞ்சம் கோருவதற்குக் கட்டணமே கிடையாது. அதை விசாரிப்பவர்கள், சிவகங்கை மாவட்டத்தில் மிரட்டல் என்றால் கோயம்புத்தூரிலோ மும்பையிலோ பாதுகாப்பாக வாழ முடியாதா என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் போலிக் கடிதத்தில் என்ன பதில் இருந்திருக்கும்?

இதை எழுதும்போது, 1983க்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் கடந்து வந்து, இன்றும் தமிழக முகாம்களில் வாழும் ஈழத் தமிழர்களை நினைக்கிறேன். இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடாததால், உண்மையிலேயே தப்பி வந்த அவர்களுக்கு இங்கே அதன்படியான அந்தஸ்து இல்லை. அவர்கள் பட்ட துயரத்தைத்தான் அந்த ஏஜென்ட் எங்களிடம் விலைக்கு விற்றிருக்கிறார்.

போலிக் காகிதங்களைப் பற்றியும் மறைக்காமல் எழுதிக் காவல்துறையில் புகார் கொடுத்துவிட்டோம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்பவரிடம் மத்திய அரசின் உரிமம் இருக்கிறதா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். இதேபோல் பணம் கட்டியவர்கள் ரசீது, வங்கிப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் வைத்திருந்து, நீங்களும் புகார் கொடுங்கள்.