திருவிழாக் கடை விளையாட்டுச் சாமான்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

கோயில் திருவிழாவிலும் கடற்கரையிலும் தள்ளுவண்டியில் தொங்கும் சாமான்களுக்கு விமர்சனமா என்று கேட்கலாம். இருபது, முப்பது ரூபாய்ப் பொருளுக்கு இத்தனை ஆராய்ச்சி தேவையா? மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளையை வெயில் தாழ்ந்த பிறகு ஒரு மணி நேரம் வாசலில் ஓடவிட வேண்டுமென்றால், ஆயிரம் ரூபாய் ரிமோட் காரைவிட இந்த வண்டிச் சாமான்தான் கைகொடுக்கிறது. ரிமோட் காரில் ஓடுவது கார். பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கும். வண்டிச் சாமானில் ஓட வேண்டியது பிள்ளைதான். ஆனால் அதிலும் பாதி, வீடு வந்து சேருமுன் உடைகிற ரகம். மீதிப் பாதியிலும் கொஞ்சம் கைவேலை பார்த்தால்தான் ஒழுங்காக விளையாட முடியும்.

முதலில் சோப்புக் குமிழி பாட்டில். எல்லா வண்டியிலும் இருக்கும், எல்லாப் பிள்ளையும் கேட்கும். இதில் காசு கொடுத்து வாங்குவதற்குத் தகுதியானது மூடியோடு வரும் வளையக் குச்சி மட்டும்தான். உள்ளே இருக்கும் திரவம் பெரும்பாலும் நீர்த்துப்போன சோப்புத் தண்ணீர். ஊதினால் கோலிக்குண்டு அளவில் நாலு வந்து, ஓரடி போவதற்குள் வெடித்துவிடும். அதைக் கொட்டிவிட்டு, பாட்டிலைக் கழுவி, வீட்டில் கலந்து ஊற்றுங்கள். 200 மில்லி தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம், 1 மேசைக்கரண்டி கிளிசரின். கிளிசரின் மருந்துக் கடையில் சின்ன பாட்டிலாகக் கிடைக்கும். மெதுவாகக் கலக்கி, மூடி வைத்து, மறுநாள் எடுத்தால் குமிழி பெரிதாகவும் வரும், கொஞ்ச நேரம் மிதக்கவும் செய்யும்.

கிளிசரின் எதற்கு? குமிழி உடைவதற்கு முக்கியக் காரணம் அதன் தோலில் உள்ள தண்ணீர் காய்ந்துபோவதுதான். கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதே காரணத்தால் உச்சிவெயிலில், வறண்ட காற்றில் எந்தக் கலவையும் தோற்றுவிடும். காலை எட்டு மணிக்குள், அல்லது மழை விட்ட மாலையில் ஊதிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். கிளிசரின் இல்லையென்றால் ஒரு தேக்கரண்டி சர்க்கரை போடலாம். வேலை செய்யும், ஆனால் கையெல்லாம் பிசுபிசுக்கும், சிந்திய இடத்தில் எறும்பு வரிசை கட்டும்.

சொன்ன அளவில் கலந்தும் வரவில்லை என்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். போர்த் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் நுரையைக் கட்டவிடாது. குடிக்கிற கேன் தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்தால் போதும். இன்னொரு தப்பு, பாட்டிலைக் குலுக்குவது. மேலே நுரை கட்டினால் வளையத்தில் படலம் பிடிக்காது. நுரையை விரலால் வழித்து எறிந்துவிட்டுத்தான் குச்சியை முக்க வேண்டும். வளையத்தைச் சுற்றிப் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றிவிட்டால் அது திரவத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும், ஒரு முக்கலுக்கு இரண்டு மடங்கு குமிழி கிடைக்கும். உதட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சூடான சோற்றை ஆற்றுவதுபோல மெல்ல ஊதச் சொல்லுங்கள். மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளை ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிவிடும். அந்த வயதில் பெரியவர் ஊத, பிள்ளை துரத்தி உடைப்பதுதான் ஆட்டம். டைல்ஸ் போட்ட போர்டிகோவில் மட்டும் வேண்டாம். பத்து நிமிஷத்தில் தரை வழுக்கத் தொடங்கும். மண் தரை, புல் தரைதான் இதற்கு இடம்.

பக்கத்திலேயே விசையை அழுத்தினால் குமிழி கொட்டும் துப்பாக்கி இருக்கும். அதை விட்டுவிடுங்கள். சாய்த்தால் திரவம் ஒழுகி மோட்டாரில் இறங்குகிறது, பேட்டரிக் கம்பி துரு பிடிக்கிறது. விளக்கு எரியும் பம்பரம், மின்னும் பந்து, மினுக்கும் கொம்பு எல்லாவற்றுக்கும் இதே தீர்ப்புதான். அங்கே காரணம் இன்னும் பெரியது. உள்ளே இருப்பது பட்டன் பேட்டரி. திருகாணி போட்டு மூடாமல், நகத்தால் நெம்பினாலே திறந்துகொள்கிற மூடி என்றால் கையிலெடுக்கவே வேண்டாம். பிள்ளை அதை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே நேராக ஆஸ்பத்திரிதான். வாந்தி எடுக்கவைத்துப் பார்க்கிற வேலையெல்லாம் கூடாது.

காற்றாடி நல்ல சாமான், மலிவும்கூட. வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இறகைக் குச்சியோடு சேர்க்கும் ஊசியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மடக்கிவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு துண்டு ரப்பரைக் குத்தி மூட வேண்டும். சுற்றவில்லை என்றால் இறகு குச்சியில் உரசுகிறது என்று அர்த்தம். நடுவே ஒரு பாசிமணியைக் கோத்தால் சரியாகிவிடும். பனையோலை கிடைக்கிற ஊரில் காசே தேவையில்லை. இரண்டு ஓலைத் துண்டைக் குறுக்கே மடித்துப் பின்னி, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, குச்சியில் செருகி ஓடினால் பிளாஸ்டிக் காற்றாடியைவிட வேகமாகச் சுற்றும். முள் இருப்பதால் அதைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு ஐந்து வயதாவது ஆகியிருக்க வேண்டும்.

இனி பம்பரம். இந்த வண்டியிலேயே உருப்படியான சாமான் இதுதான், தப்பாக வாங்கப்படுவதும் இதுதான். வண்ணத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். ஆணியைப் பாருங்கள். கட்டையின் நடு அச்சில் ஆணி இறங்கியிருக்கிறதா என்பதுதான் எல்லாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தலையைப் பிடித்து, கடைப் பலகையில் ஒரு சுண்டு சுண்டிவிடுங்கள். தலைப்பக்கம் சமமாக நின்று சுற்றினால் எடுக்கலாம். தட்டாமாலை சுற்றுகிற பிள்ளை மாதிரி தள்ளாடினால் வைத்துவிடுங்கள். அந்தக் கட்டையை எந்தக் கையும் சுற்றவைக்க முடியாது. நாலைந்தைச் சுண்டிப் பார்த்து எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தேங்காயைத் தட்டிப் பார்ப்பதில்லையா? பிளாஸ்டிக் பம்பரத்தில் எடை கிடையாது, சீக்கிரம் சாய்ந்துவிடும். மரக்கட்டையே எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஆணி முனையை அரத்தில் நாலு தேய்ப்புத் தேய்த்து மழுக்குங்கள். மழுங்கிய முனை தரையில் குத்தி நிற்காமல் நன்றாகவே சுற்றும், அடுத்தவன் காலையும் பதம் பார்க்காது.

கூடவே தரும் நைலான் சாட்டையைத் தூக்கிப் போடுங்கள். அது வழுக்கும். ஒன்றேகால் மீட்டர் பருத்திக் கயிறு வாங்கி, ஒரு முனையில் முடிச்சுப் போடுங்கள். மறுமுனையில் துளை போட்ட சோடா மூடியையோ பெரிய சட்டைப் பொத்தானையோ கோத்து முடியுங்கள். அதை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டால் போதும்; சுருக்குப் போட்டு விரலில் மாட்டினால் இழுக்கும்போது விரலை இறுக்கிவிடும். மூடியின் ஓரத்தைச் சுத்தியலால் தட்டி மடக்கிவிடுங்கள்.

சுற்றும் முறை: முடிச்சுள்ள முனையை ஆணியோடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, ஆணியை ஒட்டி முதல் சுற்றை இறுக்கமாகப் போட வேண்டும். அதன்மேல் ஒவ்வொரு சுற்றாக, ஒன்றை ஒன்று தொட்டபடி, ஆனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், கட்டையின் பாதிக்குமேல் வரை கொண்டுபோக வேண்டும். தொடக்கத்தில் வழுக்கினால் கயிற்றின் முனையை நனைத்துக்கொள்ளலாம். ஆணி கீழே பார்க்க, முழங்கால் உயரத்தில் கையைத் தாழ்த்தி, முன்னால் வீசிக் கயிறு தீருகிற நொடியில் கையைப் பின்னால் இழுக்க வேண்டும். வீசல் பாதி, இழுப்பு பாதி. பிள்ளைகள் வீசுவார்கள், இழுக்க மறப்பார்கள். கட்டை உருண்டு ஓடும். தலைகீழாக விழுந்தால் கை சாய்ந்திருக்கிறது. கயிறு கட்டையோடு சிக்கிப் பறந்து வந்தால் சுற்று ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. அப்படிப் பறந்து வருகிற கட்டை நெற்றியைப் பிளக்கும், அதனால் பழகும் நாட்களில் வேறு பிள்ளைகள் ஐந்தடிக்கு அப்பால் நிற்க வேண்டும். இடது கைப் பிள்ளைக்குக் கயிற்றை எதிர்த்திசையில் சுற்றக் கற்றுக்கொடுங்கள். வலது கைக்காரர் சுற்றிக் கொடுத்துவிட்டு, ‘இவனுக்கு வரவே மாட்டேங்குது’ என்பது அநியாயம்.

ஆறு, ஏழு வயதுக்கு முன் பம்பரம் வராது. கெட்டியான மண் தரைதான் சரி. சிமெண்டில் ஆணி சறுக்கும், டைல்ஸில் டைல்ஸ் போகும். கையில் ஏந்துவது, சுற்றுகிற பம்பரத்தைக் கயிற்றால் தூக்கிக் கையில் பிடிக்கும் அபீட் எடுப்பது எல்லாம் தரையில் நின்று சுற்றப் பழகிய பிறகு. அடுத்தவன் கட்டையைக் குறிபார்த்துக் குத்துகிற ஆக்கர் ஆட்டத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் இருப்பது வீட்டுக்கும் நல்லது, பக்கத்து வீட்டுக்கும் நல்லது.

வலைப்பையில் வரும் மணல் வாளி செட்டில் வாளியும் கரண்டியும்தான் உபயோகம். மீன், நட்சத்திர அச்சுகள் ஆழமில்லாதவை, மணல் அதில் நிற்பதில்லை. வாளி விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், பிளாஸ்டிக் பிசிறு இருந்தால் கையைக் கீறும். கைப்பிடி செருகியிருக்கும் காதுதான் முதலில் உடையும். அங்கே கயிறு கட்டினால் வாளி இன்னும் ஒரு கோடைக்கு வரும். கோட்டை கட்ட எட்டுப் பங்கு மணலுக்கு ஒரு பங்கு தண்ணீர் சரியான பதம். மணல் துகள்களுக்கு நடுவே நிற்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் அவற்றைப் பிடித்துவைக்கிறது. தண்ணீர் கூடினால் கூழாகும், குறைந்தால் உதிரும். கைப்பிடி மணலை அமுக்கித் திறந்தால் கொழுக்கட்டை மாதிரி விரல் தடத்தோடு நிற்க வேண்டும்.

எந்த மணல் என்பது முக்கியம். தெருவில் வீடு கட்டக் கொட்டியிருக்கும் எம்-சாண்ட் குவியலில் பிள்ளைகளை விடாதீர்கள். அது கருங்கல்லை உடைத்த தூள். கூர்முனை உண்டு, காய்ந்தால் நுரையீரலுக்கு ஆகாத தூசி பறக்கும். ஆற்று மணல் கொஞ்சம் கிடைத்தால் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்து, அகலமான பழைய டப்பில் நிரப்புங்கள். இரவில் கட்டாயம் மூடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூனைக்கு அது கக்கூஸ்; அந்த மணலிலிருந்து குடற்புழு பிள்ளை கைக்கு வரும். ஆடி முடித்ததும் நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

ஸ்கிப்பிங் கயிறு வாங்கினால் நடுவில் பிள்ளையை நிறுத்தி இரு பிடியையும் மேலே தூக்குங்கள்; அக்குள் வரை வந்தால் அளவு சரி, அதற்கு மேல் என்றால் முடிச்சுப் போட்டுக் குறைக்கலாம். காற்றடைத்த மெல்லிய பந்து முள்வேலி இல்லாத தெருவுக்கு மட்டும். ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கினால் அதுவே பெரிய லாபம். பாண்டிக் கட்டத்தை நாலு, ஐந்து வயசுக்கு ஒன்றேகால் சாண் அளவில் போடுங்கள். பெரியவர் கால் அளவுக்குப் போட்டால் பிள்ளை கோட்டில் மிதித்து மிதித்து அழும். சில்லுக்கு ஓட்டுத் துண்டு நல்லது, உருளாமல் விழுந்த இடத்தில் நிற்கும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைவினைஞர்கள் செய்பவற்றுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். தள்ளுவண்டிச் சாமானில் பெரும்பாலும் முத்திரை இராது என்பது வாங்குகிற எல்லாருக்கும் தெரியும். எனவே கண்ணும் கையும்தான் சோதனைச்சாலை: ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் சாயம் ஒட்டுகிறதா, இழுத்தால் கழன்று வருகிற சின்னத் துண்டு உண்டா. இரண்டில் ஒன்று இருந்தாலும், வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு அது ஆகாது.

கடைசியாக, அதே கோடையில் இரண்டு வண்டி தள்ளிப் போனால் ஓசியில் கிடைக்கும் ஒன்று: நுங்கு வண்டி. நுங்கு எடுத்த காய் இரண்டு, ஒரே அளவில். வெட்டாத அடிப்பக்கத்தின் நடுவில், இரு முனையும் சீவிய விரல் தடிமன் குச்சியைக் குத்தி இரண்டையும் இணைக்க வேண்டும். வெட்டிய முகம் வெளிப்பக்கம் பார்க்க, நடுவே ஒரு சாண் இடைவெளி. மூன்றடி நீளக் கவைக்குச்சியின் கவையை அந்த நடுக்குச்சியின்மேல் வைத்துத் தள்ளினால் ஓடும். ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் ஒரு காய் பெரிது, அல்லது குச்சி நடுவில் இறங்கவில்லை. சாறு பட்டால் கறை போகாது, பழைய சட்டை போட்டுவிடுங்கள். நாலைந்து நாளில் காய் வாடிச் சுருங்கும், குச்சி ஆடும், காயை மாற்ற வேண்டியதுதான். நுங்கு வாங்கும்போதே, ‘அண்ணே, பிள்ளைக்கு வண்டி செய்யணும்’ என்று சொல்லிவிடுங்கள். காயைப் பிளக்காமல் தலையை மட்டும் சீவி, சுளையை விரலால் நோண்டி எடுத்துத் தருவார்.